எல்லாவற்றையும் உடைக்காதீர்கள்: மாணவர்களின் தனியிசைக் காணொளிக்கு ஒரு படத்தொகுப்பாளரின் குறிப்புகள்

ஆண்டுதோறும் பிப்ரவரி பிறந்தால் காட்சித் தொடர்பியல் இறுதியாண்டு மாணவர்கள், தனியிசைப் பாட்டுக்கு, அதாவது சினிமாவுக்காக இல்லாமல் தனியாக வெளியிடும் பாட்டுக்கு, எடுத்த காணொளியோடு ஹார்டு டிஸ்க்கும் கையுமாக என் தொகுப்பு அறைக்கு வரத் தொடங்குவார்கள். உள்ளே என்ன இருக்கும் என்பதைத் திறக்காமலேயே சொல்லிவிடுவேன். மொட்டைமாடி, கைப்பிடிச் சுவரில் சுற்றிய சீரியல் விளக்கு, கிடார் கம்பியில் விரல், முதுகு காட்டி நடக்கும் ஒரு பெண், ரயில் வாசலில் காற்று வாங்கும் ஒரு பையன், மூலையில் பழைய வீடியோ கேமராவின் தேதி. “இந்தத் தேய்வழக்கையெல்லாம் நாங்கள் உடைத்திருக்கிறோம் அக்கா” என்று சொல்லும் குழுவின் டிஸ்க்கிலும் இவைதான் இருக்கும். கடைசிப் பத்து விநாடியில் அந்தப் பெண் எப்போதோ இறந்துவிட்டாள் என்று தெரியவரும், அவ்வளவே. அதுவும் வழக்கம்தான் தம்பி என்றால் முகம் வாடிவிடும்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். மற்ற வழக்கங்களை ஒழுங்காகக் காப்பாற்றினால்தான் நீங்கள் உடைத்த ஒன்று கண்ணில் படும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கவிழ்த்தால், எது கவிழ்ந்தது என்றே பார்ப்பவருக்குத் தெரியாது. ஏதோ சோதனை முயற்சி என்று நினைத்து அடுத்த காணொளிக்குப் போய்விடுவார்.

ஆகவே, கேமராவைத் தொடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுங்கள். உங்கள் பாட்டுக்கு நெருங்கிய உறவுள்ள பாட்டுகளின் காணொளிகளைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். உங்களுடையது கிடாரோடு தனியாகப் பாடும் பிரிவுப் பாட்டு என்றால் ராப் காணொளிகளைப் பார்த்துப் பயனில்லை. பல்லவி வரும்போது திரையில் என்ன மாறுகிறது, பாடுபவர் கேமராவைப் பார்க்கிறாரா, இடையிசையில் யார் இருக்கிறார், கடைசி ஷாட் எங்கே முடிகிறது என்பதை எழுதுங்கள். சத்தம் இருந்தால் பாட்டு உங்களைக் கூட்டிக்கொண்டு போய்விடும்; படம் என்ன செய்கிறது என்பது தெரியாது.

பட்டியல் வந்ததும் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் காரணம் எழுதுங்கள். கையில் பிடித்த கேமரா ஏன்? பொது இடத்தில் ட்ரைபாட் விரித்தால் யாராவது வந்து அனுமதிக் கடிதம் கேட்பார்கள். மொட்டைமாடி ஏன்? வாடகை இல்லை, சாயங்கால வெளிச்சம் இலவசம். தூசியும் கீறலும் போட்ட ஃபில்டர் ஏன்? செயலியில் இருந்தது, அதனால். இப்படிக் காரணமே இல்லாதவற்றை உடைக்க வேண்டியதில்லை, சும்மா விட்டுவிடலாம். உடைக்கத் தகுந்தது வலுவான காரணம் உள்ள வழக்கம்தான்.

நம் ஊரில் அப்படி ஒன்று இருக்கிறது. திரைப்பாட்டில் பாடுபவர் ஒருவர், வாயசைப்பவர் வேறொருவர். நமக்கு அது உறுத்தியதே இல்லை. தனியிசைக்காரர்களின் முதல் உரிமைக் குரலோ இதற்கு நேர் எதிரானது: பாடியது நான், முகமும் என்னுடையது. அதனால்தான் தமிழ்த் தனியிசைக் காணொளியில் பாடகரின் முகம் அவ்வளவு நேரம் திரையில் நிற்கிறது. இதில் கை வைத்தால் ஏதாவது நடக்கும்.

பாடத்திட்டத்தில் இசைக் காணொளிகளை ஆராய்ந்த ஆண்ட்ரூ குட்வின் வருவார். 1992இல் வெளிவந்த அவருடைய நூலை வைத்துத்தான் பெரும்பாலான ஆசிரியர்கள் இதை நடத்துகிறார்கள். வரிகளுக்கும் படத்துக்கும் உள்ள உறவை மூன்றாகப் பிரித்துச் சொல்வார்கள்: படம் வரியை அப்படியே காட்டலாம், வரியை விரித்துக்கொண்டு போகலாம், வரியோடு ஒட்டாமல் விலகி நிற்கலாம். மாணவர்கள் மூன்றாவதற்குத்தான் பாய்வார்கள். “மழை” என்ற வரிக்கு வெயிலைக் காட்டுவது விலகல் ஆகிவிடாது. மழை என்ற வரிக்கு மழையைக் காட்டும் அதே சோம்பல்தான் அதுவும்.

உடைப்பது எப்படி என்பதற்கு நான் திரும்பத் திரும்பக் காட்டுவது 2017 ஜனவரியில் வந்த சென்னை புறம்போக்கு பாடலை. எழுதியவர் கபேர் வாசுகி, பாடியவர் டி.எம். கிருஷ்ணா. கர்நாடக சங்கீதம், வயலின், மிருதங்கம் என்று கச்சேரியின் இலக்கணம் அப்படியே இருக்கிறது. மாறியது இடம். சபா மேடை இல்லை, எண்ணூர்க் கழிமுகமும் அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும்தான் இருக்கின்றன. சில இடங்களில் முகக்கவசம் வேறு. பாடும் முறையையும் சேர்த்துக் கலைத்துப்போட்டிருந்தால் அந்த இடம் நம்மை இவ்வளவு தொந்தரவு செய்திருக்காது.

உடைத்ததே பிறகு வழக்கமாகிவிடும் என்பதையும் கவனியுங்கள். 1965இல் லண்டனில் சவாய் ஹோட்டலின் பின்சந்தில் அமெரிக்கப் பாடகர் பாப் டிலன், தன் பாட்டு ஒலிக்க, வாயைத் திறக்காமல் அதன் வார்த்தை அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போட்டார். அது புதிது. இன்று அட்டை போடும் மாணவர் காணொளி எனக்கு ஆண்டு தவறாமல் வருகிறது.

இனி ஒரு குழு செய்ததைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். பிரிவுப் பாட்டு, மொட்டைமாடி, கிடார், சாயங்காலம், கைக்கேமரா. எதையும் மாற்ற வேண்டாம் என்றேன். முதல் நான்கு வரிகளைப் பையன் கேமராவைப் பார்த்துப் பாடுகிறான். நமக்குப் பழகிய காட்சி. பக்கத்து மாடியில் ஓர் அக்கா துணி காயப்போடுகிறார், பல்லிடுக்கில் இரண்டு கிளிப். பல்லவி தொடங்கும்போது பையன் வாயை மூடிக்கொள்கிறான், கை மட்டும் வாசிக்கிறது. அந்த அக்கா வாயிலிருந்து கிளிப்புகளை எடுக்கிறார், சட்டையைக் கொடியில் மாட்டுகிறார், பல்லவியைப் பாடுகிறார். குரல் பையனுடையது, வாய் அவருடையது. கை வேலையை நிறுத்தவே இல்லை. திரைப்பாட்டின் பழைய பழக்கத்தையே தனியிசைக்குள் கொண்டுவந்து, அதை நடிகருக்குப் பதிலாகத் துணி உதறும் ஒருவரிடம் கொடுத்தார்கள்.

முதல் டேக்குகளில் இயக்குநர் அவரைச் சோகமாகப் பார்க்கச் சொல்லியிருந்தார். அவை பள்ளி ஆண்டுவிழா நாடகம் போல் இருந்தன. நான் வைத்துக்கொண்ட டேக்கில் அவர் பாதி வரியில் மழை வருமா என்று வானத்தைப் பார்க்கிறார். யாரும் சொல்லிச் செய்ததல்ல.

இதில் இரண்டு விஷயங்கள் உண்டு. வழக்கத்தை முதலில் ஒருமுறை நேராகக் காட்டிவிட்டுத்தான் உடைக்க வேண்டும். உடைத்ததை இரண்டாவது பல்லவியிலும் செய்ய வேண்டும். ஒருமுறை மட்டும் வந்தால் தொகுப்பில் ஏதோ தவறிவிட்டது என்று நினைப்பார்கள். உடைப்பைக் கடைசிக்கு ஒளித்து வைக்காதீர்கள். கடைசிவரை எத்தனை பேர் பார்க்கிறார்கள்?

படப்பிடிப்புக்கு வருவோம். பாட்டை ஒலிபெருக்கியில் உரக்கப் போட்டுப் பாடச் சொல்லுங்கள், காதுக்குள் மட்டும் ஒலிக்கவிடாதீர்கள். கேமராவின் மைக்கும் அதைக் கேட்டால்தான் பிறகு ஒலி அலைகளை வைத்துப் பொருத்த முடியும். வாயை மட்டும் அசைக்காமல் உண்மையாகவே பாட வேண்டும். பாடாத கழுத்தை யாரும் கண்டுபிடித்துவிடுவார்கள். டிரம்ஸ் இருந்தால் மேலே துண்டு போட்டுவிட்டு முழு வேகத்தில் அடிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொருவரையும் முழுப் பாட்டுக்கும் தூரத்தில் ஒன்று, இடுப்பளவில் ஒன்று, முகத்தில் ஒன்று என்று எடுத்துவிடுங்கள்.

டியூப்லைட் வெளிச்சத்தில் படத்தில் பட்டைகள் ஓடுகின்றன என்று புலம்புவார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவின் ஷட்டர் வேகத்தை 1/50 அல்லது 1/100 விநாடியில் பூட்டினால் பட்டை போய்விடும். செல்போனின் தானியங்கி முறையை நம்ப வேண்டாம்.

உடல் மெதுவாக அசைய வேண்டும், உதடு மட்டும் பாட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்றால், பாட்டை இரட்டை வேகத்தில் ஒலிக்கவிட்டு விநாடிக்கு 50 ஃப்ரேமில் எடுங்கள். தொகுக்கும்போது 25க்கு இறக்குங்கள். கோல்ட்பிளே இசைக்குழுவின் யெல்லோ காணொளியில், கடற்கரையில் ஒரே ஷாட்டில் பாடகர் நடந்து வருவது இப்படி எடுத்ததுதான். இரட்டை வேகத்தில் வார்த்தை குழறாமல் பாட ஒத்திகை தேவை. அதைப் படப்பிடிப்பு நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

பாட்டின் வேகத்தையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். நிமிடத்துக்கு 100 தட்டு (பீட்) என்றால், விநாடிக்கு 25 ஃப்ரேமில் ஒரு தட்டுக்குச் சரியாக 15 ஃப்ரேம். 120 தட்டு என்றால் பன்னிரண்டரை ஃப்ரேம் வரும், அரை ஃப்ரேமில் வெட்ட முடியாது. அப்போது 24 ஃப்ரேமில் எடுத்தால் 12 என்று அழகாக உட்காரும். அதற்காக எல்லா வெட்டும் தட்டில் விழ வேண்டும் என்றில்லை. தட்டுக்கு ஒன்றிரண்டு ஃப்ரேம் முன்னால் வெட்டுவது என் வழக்கம். அந்த அக்கா கிளிப்பை எடுக்கும் ஷாட்டை மட்டும் தட்டுக்கு மிகவும் முன்னாலேயே தொடங்கினோம். பார்ப்பவருக்கு அந்த வாயைக் கவனிக்க நேரம் வேண்டுமே.

பாட்டு நண்பருடையதாகவே இருக்கட்டும். எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். திரைப்பாட்டை எடுத்துப் பாடினால் தளத்தில் ஏற்றியதும் உரிமைக் கோரிக்கை வந்து நிற்கும்.

காணொளியோடு கொடுக்கும் அறிக்கையில் “வழக்கங்களைப் பயன்படுத்தியும் மீறியும் இருக்கிறோம்” என்று எழுதி வைக்காதீர்கள். வழக்கத்தைக் காட்டும் ஒரு ஃப்ரேம், அது உடையும் ஃப்ரேம், இரண்டுக்கும் நேரக்குறிப்பு, கீழே காரணம். படப்பிடிப்புக்கு முன்னால் நோட்டில் எழுதிய பட்டியலையும் இணைத்துவிடுங்கள். இரண்டு பக்கம் போதும். புறத்தேர்வாளர் மூன்றாவது பக்கத்தைப் புரட்டி நான் பார்த்ததில்லை.