எந்த வேலை எப்போன்னு புரோலாக்கையே கேளுங்க
ஷெட்யூல் போட லூப் மேல லூப் எழுதி மண்டை காயாதீங்க, புரோலாக்ங்கற ப்ரோகிராமிங் மொழியில கண்டிஷனை மட்டும் சொன்னா போதும், விடையை அதுவே தேடிக்கும். முதல்ல சிஎல்பிஎஃப்டி (clpfd) லைப்ரரியை லோட் பண்ணிக்கோங்க, முழு எண் கண்டிஷன்களைத் தீர்க்கறது அதுதான்.

3 வேலைன்னு வைங்க, அ 3 மணி நேரம், ஆ 2, இ 4. ஒவ்வொண்ணோட ஆரம்ப நேரமும் ஒரு வேரியபிள், ரேஞ்ச் 0லேருந்து 9. அ முடிஞ்சாதான் இ, அதாவது இ ஆரம்பிக்கிறது அ ஆரம்பிச்சு 3 மணி நேரமாவது கழிச்சு. அ-வும் ஆ-வும் ஒரே மெஷின்ங்கறதால மோதக்கூடாது, அதுக்கு சீரியலைஸ்டுன்னு ரெடிமேடாவே ஒண்ணு இருக்கு. எல்லாம் முடியுற நேரத்துக்கும் ஒரு வேரியபிள் வச்சு, கடைசியா லேபிளிங்ல, அதாவது வேரியபிளுக்கெல்லாம் நிஜ நம்பரைப் போட்டுப் பார்க்கற கட்டளையில, அதை மினிமம் பண்ணச் சொல்லுங்க, 7னு வரும்.

லேபிளிங்கை மட்டும் கண்டிஷனுக்கு முன்னாடி போட்டுடாதீங்க, நான் போட்டு, எல்லா காம்பினேஷனையும் ஒவ்வொண்ணா ட்ரை பண்ணி உருட்டிட்டே இருந்துச்சு.