"நாலு கொடு" என்று கேட்டுப் பாருங்கள்: சின்னக் குழந்தைகளுக்கு விளையாட்டிலேயே கணக்கு

மூன்று வயதுக் குழந்தை ஒன்றிலிருந்து இருபது வரை தடங்கலில்லாமல் சொல்லிவிட்டால் வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே குழந்தையின் முன்னால் ஒரு டப்பா நிறைய பிளாக்குகளை வைத்து, "எனக்கு நாலு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுத்துவிடும். எண்களின் பெயரை வரிசையாகச் சொல்வது பாட்டு ஒப்பிப்பது மாதிரி, பொருட்களை எண்ணுவது வேறு வேலை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள தூரத்தைக் குழந்தை கடக்க உதவுவதுதான் மூன்றிலிருந்து ஐந்து வயது வரை நாம் செய்ய வேண்டிய முக்கியமான காரியம். அதற்கு நோட்டோ பென்சிலோ தேவையில்லை, வீட்டில் கிடக்கும் மூடிகள், ஸ்பூன்கள், சாக்ஸ், பொம்மைகள் போதும்.

எண்ணுவது என்றால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்று உளவியலாளர்கள் கெல்மனும் காலிஸ்டலும் 1978-இல் ஐந்தாகப் பிரித்துச் சொன்னார்கள். ஒரு பொருளுக்கு ஒரே ஒரு எண்தான். எண்களின் வரிசை மாறக் கூடாது. கடைசியாகச் சொன்ன எண்தான் மொத்தம். எதை வேண்டுமானாலும் எண்ணலாம், எந்தப் பக்கத்திலிருந்தும் எண்ணலாம். நமக்கு இது சொல்லவே வேண்டாத விஷயமாகத் தெரியும், குழந்தைக்கோ ஒவ்வொன்றும் தனிக் கண்டுபிடிப்பு. அதிலும் மூன்றாவதுதான் ரொம்பக் கடினம். "ஒன்று, இரண்டு, மூன்று" என்று விரல் வைத்துச் சரியாக எண்ணி முடித்த குழந்தையிடம் "சரி, மொத்தம் எத்தனை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் மறுபடி முதலிலிருந்து எண்ண ஆரம்பிப்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். கடைசி எண் மொத்தத்தைக் குறிக்கிறது என்பது அதற்கு இன்னும் பிடிபடவில்லை.

அதனால் முதல் விளையாட்டு "கொடு" விளையாட்டு. கரடி பொம்மைக்குப் பசிக்கிறது, இரண்டு பிளாக் வேண்டுமாம், கொடுக்கிறாயா? இதைக் கொஞ்சம் பொறுமையாக ஆட வேண்டும், ஏனென்றால் குழந்தைகள் முதலில் "ஒன்று" என்பதை மட்டும் உறுதியாகப் பிடிக்கிறார்கள், பிறகு "இரண்டு", பிறகு "மூன்று", ஒவ்வொரு படிக்கும் நடுவில் மாதக்கணக்கில்கூட இடைவெளி இருக்கும். கேரன் வின் என்ற ஆய்வாளர் 1990-களின் தொடக்கத்தில் இப்படிக் கேட்டுக் கேட்டுத்தான் இதைக் கவனித்தார். ஆகவே இரண்டைத் தடுமாறாமல் கொடுக்கிற குழந்தையிடம் பத்தைக் கேட்காதீர்கள், மூன்றைக் கேளுங்கள். தவறாகக் கொடுத்தால் "தப்பு" என்று சொல்ல வேண்டியதில்லை. கொடுத்ததை வரிசையாக வைத்து, சேர்ந்தே எண்ணிப் பார்த்து, "கரடி மூணு கேட்டுச்சு, இங்கே அஞ்சு இருக்கு, என்ன செய்யலாம்?" என்று விட்டுவிடுங்கள். இரண்டை எடுத்துவிடுவதா, இன்னொரு பொம்மையைக் கூப்பிடுவதா என்று அதுவே முடிவு செய்யட்டும்.

பேசும் விதத்தில் ஒரு சின்ன மாற்றமும் உதவும். முதலில் மொத்தத்தைச் சொல்லிவிட்டு அப்புறம் எண்ணுங்கள்: "இங்கே மூணு மூடி இருக்கு பார், ஒன்று, இரண்டு, மூன்று." அப்போது மொத்தத்துக்கும் எண்ணுவதற்கும் உள்ள தொடர்பு காதில் விழும்.

அடுத்தது துணி விளையாட்டு. மூன்று மூடிகளை எண்ணிவிட்டு மேலே ஒரு துண்டைப் போட்டு மூடி, "உள்ளே எத்தனை?" என்று கேளுங்கள். கண்ணுக்குத் தெரியாததால் மறுபடி எண்ண முடியாது, கடைசி எண்ணை நினைவில் வைத்திருந்தே ஆக வேண்டும். இது பழகிய பிறகு, குழந்தை பார்க்கும்போதே துண்டுக்கு அடியில் இன்னொரு மூடியைத் தள்ளிவிட்டு "இப்போ எத்தனை?" என்று கேட்டால் கூட்டல் வந்துவிட்டது. ஒன்றை வெளியே இழுத்தால் கழித்தல். கூட்டல், கழித்தல் என்ற பெயர்களெல்லாம் பிறகு வரட்டும்.

நான் எல்லோருக்கும் வற்புறுத்திச் சொல்வது நேர்க்கோட்டு எண் பலகையைத்தான். ஒரு நீளமான அட்டையில் பத்துக் கட்டங்கள், இடமிருந்து வலமாக 1 முதல் 10 வரை, எல்லாம் ஒரே அளவு. ஒரு மூடியின் ஒரு பக்கம் ஒரு புள்ளி, மறுபக்கம் இரண்டு புள்ளி. அதைச் சுண்டிவிட்டு, விழுந்த அளவு காயை நகர்த்த வேண்டும், யார் முதலில் பத்துக்குப் போகிறார்கள் என்பதுதான் ஆட்டம். சீக்லர், ரமணி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், வருமானம் குறைந்த குடும்பத்துக் குழந்தைகளுடன் இதைப் போன்ற ஆட்டத்தை இரண்டு வாரத்துக்குள் 15 நிமிட அளவில் நான்கு முறை ஆடினார்கள். எண்ணுவது, எண்களை அடையாளம் காண்பது, எது பெரியது என்று சொல்வது எல்லாமே முன்னேறின, ஒன்பது வாரம் கழித்துப் பார்த்தபோதும் அது நிலைத்திருந்தது. எண்களுக்குப் பதில் நிறங்கள் இருந்த பலகையில் ஆடிய குழந்தைகளிடம் அந்த முன்னேற்றம் இல்லை.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு, அதைத் தவறவிட்டால் ஆட்டத்தின் பாதிப் பயன் போய்விடும். காய் மூன்றாம் கட்டத்தில் இருந்து இரண்டு விழுந்தால் "ஒன்று, இரண்டு" என்று சொல்லி நகர்த்தக் கூடாது. கட்டத்தில் உள்ள எண்ணையே, அதாவது "நாலு, அஞ்சு" என்று சொல்லி நகர்த்த வேண்டும். பலகையும் வட்டமாக இல்லாமல் நேராக இருக்கட்டும், ஏனென்றால் எண் பெரிதாக ஆக ஆகக் காய் தூரமாகப் போவதும், கை அதிகம் நகர்வதும் ஒன்றாக நடப்பதுதான் இதன் பலம்.

மூன்று பொருட்கள் வரை எண்ணாமலேயே ஒரு பார்வையில் சொல்லும் திறமையும் வளர்க்க வேண்டியது. பகடையின் புள்ளிகள் இதற்கு நல்ல துணை. இல்லாவிட்டால், விரல்களைச் சட்டென்று காட்டி மறைத்துவிட்டு "எத்தனை பார்த்தாய்?" என்று கேளுங்கள்.

ஒப்பிடும்போது ஒரு எச்சரிக்கை. ஐந்து பட்டன்களை நெருக்கமாகவும், இன்னொரு ஐந்தை இடைவெளி விட்டும் வைத்தால், நீளமாக இருக்கும் வரிசையில்தான் அதிகம் என்று குழந்தை சாதிக்கும். உயரமான டம்ளரில் ஊற்றிய தண்ணீர் கூடிவிட்டது என்றும் சொல்லும். குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார், தண்ணீர் விஷயம் தெளிவாக ஆறு, ஏழு வயதாகிவிடும், எனவே வாதாட வேண்டாம். பட்டன்களை ஒன்றுக்கு ஒன்று ஜோடி சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், தண்ணீரை இங்குமங்கும் ஊற்றி விளையாட விடுங்கள்.

அடுத்து, மாறி மாறி வரும் வரிசைகள். கை தட்டு, தொடை தட்டு, கை தட்டு, தொடை தட்டு... அடுத்து என்ன? பிறகு கை, கை, தொடை என்று மாற்றுங்கள். சிவப்பு, நீலம், நீலம் என்று பிளாக்குகளை அடுக்கிவிட்டு, அதே வரிசையைத் தட்டிக் காட்டச் சொன்னால் அது அடுத்த நிலை. வேண்டுமென்றே நடுவில் ஒன்றைத் தவறாக வைத்துப் பாருங்கள், கண்டுபிடித்ததும் குழந்தையின் முகத்தில் வரும் உற்சாகமே தனி.

வடிவங்களில் பெரியவர்கள் கவனக்குறைவாக இருக்கிறோம். படத்தில் முக்கோணம் எப்போதும் அடி தட்டையாக, மூன்று பக்கமும் சமமாகவே வருகிறது. அதனால் ஒல்லியான முக்கோணத்தையோ தலைகீழாக நிற்பதையோ பல குழந்தைகள் முக்கோணமே இல்லை என்கிறார்கள். சாய்த்து வைத்த சதுரத்துக்கும் இதே கதிதான். குச்சிகளால் விதவிதமாகச் செய்து, திருப்பித் திருப்பி வைத்து, "மூணு மூலை இருக்கா? மூணு பக்கம் இருக்கா?" என்று பார்க்க வையுங்கள். பசில் சேர்க்கும்போதும் பிளாக் அடுக்கும்போதும் "திருப்பிப் பார்", "அதற்கு அடியில்", "நடுவில்" என்று பேசிக்கொண்டே இருங்கள், இந்தச் சொற்களும் கணக்குதான்.

துணி மடிக்கும் நேரம் வகை பிரிக்க நல்ல வாய்ப்பு. ஆனால் எப்படிப் பிரிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்துவிடாதீர்கள். குழந்தை பிரித்து வைத்ததைப் பார்த்து, நிறமா, அளவா, யாருடையது என்பதா என்று நீங்கள் ஊகியுங்கள்.

மூன்று வயதுக்குக் கீழே உள்ள குழந்தை வீட்டில் இருந்தால் பட்டன், மணி போன்ற வாய்க்குள் போகும் பொருட்கள் வேண்டவே வேண்டாம், பெரிய பிளாக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவைக்கு பத்து நிமிடம் தாராளம், எழுந்து ஓடினால் அத்தோடு விட்டுவிடுங்கள்.

எழுதுவதற்கு அவசரமே இல்லை. மணலில், மாவில், காற்றில் விரலால் வரைந்தால் போதும். நான்கைந்து வயதில் 3-ஐயும் 7-ஐயும் திருப்பிப் போட்டு எழுதுவது சகஜம், பக்கத்தில் நீங்கள் ஒருமுறை சரியாக எழுதிக் காட்டிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள்.