தோற்ற கையைக் காட்டுவதா, கவிழ்ப்பதா: போக்கரில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போகாமல் நிற்கும்போது, பாம்பனில் எங்கள் வலைக் கொட்டகையில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு சீட்டுக்கட்டு வெளியே வந்துவிடும். ரம்மி மட்டுமே ஆடிவந்த அந்த இடத்தில், கப்பல் வேலையிலிருந்து திரும்பிய கீழக்கரைக் காக்கா (அண்ணன்) ஒருவர் கற்றுத்தந்த பிறகு போக்கரும் நிலைத்துவிட்டது. அதில் ஆளுக்கு இரண்டு சீட்டு மறைவாகக் கிடைக்கும், எல்லோருக்கும் பொதுவான ஐந்து சீட்டுகள் நடுவில் கட்டங்கட்டமாக விழும், இடையிடையே பெட், அதாவது பந்தயம், கட்டுவோம்; இந்த ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்த்தவர் ஜெயிப்பார். காசு வைப்பதில்லை, ஆளுக்கு ஐம்பது சோழி. பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளை 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டம் நாடு முழுவதும் தடைசெய்திருக்கிறது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆனால் சோழிக்கு ஆடினாலும் மனத்தாங்கல் வரத்தான் செய்கிறது. எங்களுக்குள் வந்தவை பெரும்பாலும், தோற்றவர் தம் சீட்டை எப்போது காட்டினார், எப்போது மறைத்தார் என்பதிலிருந்தே கிளம்பின.

இதற்கு ரம்மிப் பழக்கமே வேர் என்று நான் நினைக்கிறேன். ரம்மியில் ஒருவர் சேர்த்து இறக்கியதும் மற்ற எல்லோரும் கையை விரித்துப் புள்ளி எண்ணியாக வேண்டும். மறைப்பதற்கு அங்கே இடமே இல்லை. போக்கரில் தோற்ற கைக்குப் புள்ளி கிடையாது. எந்தச் சீட்டை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் துணிந்தோம் என்ற செய்தி மட்டுமே அதில் இருக்கிறது. அந்தச் செய்தி, விதி கேட்கும் வரை, சீட்டை வைத்திருப்பவருக்கே சொந்தம்.

முதல் தவறு, ஆட்டம் முடியுமுன் காட்டுவது. ஃபோல்ட் செய்தவர், அதாவது பாதியில் சீட்டைப் போட்டுவிட்டு விலகியவர், தமக்கு வேலை முடிந்துவிட்டதென்று எண்ணி, பக்கத்தில் இருப்பவரிடம் சீட்டைச் சாய்த்துக் காட்டுவார். நடுவில் மூன்று ஆட்டின் (இதயச் சின்னம்) சீட்டுகள் விழுந்திருக்கும் வேளையில், அப்படிக் காட்டப்பட்டது ஆட்டின் ஏஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் இன்னும் ஆட்டத்தில் இருந்தால், ஏஸ் தலைமையில் ஃப்ளஷ் (ஒரே சின்னத்தில் ஐந்து சீட்டு) எவரிடமும் இருக்க முடியாது என்பது அவர் ஒருவருக்கு மட்டும் தெரிந்துவிடுகிறது. எதிரே இருப்பவர் தெரியாமலே சோழியை இழக்கிறார். ‘நான் போட்டதுதான் ஜெயித்திருக்கும்’ என்று வாயால் சொல்வதும், பொதுச் சீட்டு விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொள்வதும் இதே குற்றந்தான். ஒருவருக்குக் காட்டினால் எல்லோருக்கும் காட்ட வேண்டும் என்ற விதி இதற்காகவே உள்ளது. அப்படிக் காட்டிய சீட்டை ஆட்டம் முடிந்ததும் மேசையில் இருக்கும் எவரும் கேட்டுப் பார்க்கலாம்.

இரண்டாவது தவறுதான் என்னை அதிகம் வருத்துவது: அவசரப்பட்டுக் கவிழ்ப்பது. போன தடைக்காலத்தில் என் தங்கை மகன் கையில் கிளாவர் ராஜாவும் டைமன் ஜாக்கியும் இருந்தன. நடுவில் ராஜா, ஏழு, எட்டு விழுந்து, பிறகு பத்தும், கடைசியாக ஒன்பதும் வந்தன. ராஜா ஜோடி கிடைத்ததிலிருந்து அவன் கண் அந்த ஜோடியை விட்டு நகரவில்லை. எதிரில் இருந்தவர் ராஜாவையும் ஒன்பதையும் விரித்து “இரண்டு ஜோடி மாப்ள” என்றதும், ஒரு பெருமூச்சுடன் தன் இரு சீட்டையும் கழித்த சீட்டுக் குவியலுக்குள் தள்ளிவிட்டான். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, ஜாக்கி என்று ஐந்தும், இரண்டு ஜோடியை வெல்லும் வரிசையாக நிற்பதை அவன் விரல் விட்டு எண்ணி உணர்ந்தபோது, டீலர் குவியலைக் கலைத்துவிட்டிருந்தார். குவியலில் கலந்துவிட்ட கை செத்த கை; வாயால் சொல்லி அதை மீட்க முடியாது. விரித்து வைத்திருந்தால் எவர் என்ன அறிவித்திருந்தாலும் சீட்டே பேசியிருக்கும், டீலரே பார்த்துச் சொல்லியிருப்பார். ஆகவே கடைசிவரை பெட் கட்டி வந்த கையைப் பற்றிச் சிறு சந்தேகம் இருந்தாலும், மறைக்கும் உரிமையை விட்டுக்கொடுத்து இரண்டு சீட்டையும் நிமிர்த்தி வைப்பதே நல்லது. ஒரு சீட்டை மட்டும் காட்டிவிட்டு, நடுவில் பெட் கட்டிய சோழிகளில் கை வைப்பதும் செல்லாது.

யார் முதலில் காட்டுவது என்பதில் வரும் முறைப்பு தேவையே இல்லாதது. ரிவர் எனப்படும் ஐந்தாவது சீட்டுக்குப் பிறகு கடைசியாக பெட் கட்டியவரோ உயர்த்தியவரோ முதலில் காட்ட வேண்டும்; அந்தச் சுற்றில் எவரும் கட்டாவிட்டால், டீலர் இடத்துக்கு இடப்புறம் ஆட்டத்தில் எஞ்சியிருக்கும் முதல் ஆளிலிருந்து வரிசையாகக் காட்ட வேண்டும். பின்னால் வருபவர் தாம் தோற்றது உறுதி என்று கண்டால் காட்டாமலே கவிழ்த்துவிடலாம். பெரிய போட்டிகளில் மட்டும், ஒருவர் எல்லாவற்றையும் கட்டி ஆல்-இன் ஆகி, வேறு எவரும் கட்டுவதற்கில்லை என்றானதும், எல்லாக் கைகளும் திறக்கப்படும். ஒருவர் வேண்டுமென்றே இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பதைத் தடுக்கவே அந்த ஏற்பாடு.

“என்னதான் வச்சிருந்தீங்க அண்ணே, காட்டுங்களேன்” என்று தோற்றவரை நச்சரிப்பதும் தவறு. கடைசி பெட்டுக்கு ஈடு கட்டித் தோற்ற கையைப் பார்க்கக் கேட்கும் உரிமை பல இடங்களில் உண்டென்றாலும், இருவர் கூட்டுச் சேர்ந்து ஆடுகிறார்கள் என்ற ஐயத்தைத் தீர்த்துக்கொள்ளத்தான் அது தரப்பட்டிருக்கிறது. எவரும் ஈடு கட்டாமல் விலகி, அதனால் ஜெயித்தவரிடம் கேட்கவோ அந்த உரிமையும் இல்லை. கேட்காமல் குவியலில் கை விட்டுச் சீட்டைப் புரட்டிப் பார்ப்பதை நாங்கள் யாருக்கும் அனுமதிப்பதில்லை, சிறுவர்களானாலும் சரி.

ஜெயிக்கும் கை தம்மிடம் இருப்பது தெரிந்தும், எதிராளி சோழிகளை வாரத் தொடங்கும் வரை காத்திருந்து மெதுவாகத் திறப்பவரை எந்த விதியும் தண்டிக்காது. ஆனால் தோற்பவருக்கு ஒரு கணம் ஜெயித்த மகிழ்ச்சியைக் கொடுத்துப் பறிப்பது கொடுமை, அதை ஒருமுறை அனுபவித்தவர் மறக்கவும் மாட்டார்.

தங்கை மகனுக்கு அந்த ஆட்டத்துக்குப் பிறகு காக்கா ஒரு பழக்கம் கற்றுக்கொடுத்தார். சீட்டு வந்ததும் அதன் மேல் ஒரு பெரிய சோழியை வைத்துவிடுகிறான். நடுவில் இருக்கும் ஐந்தையும் தன் இரண்டையும் சேர்த்து எண்ணி முடிக்கும் வரை அதை எடுப்பதில்லை, டீலரும் சோழி இருக்கும் சீட்டைத் தொடுவதில்லை.