ஊரில் இடுப்பு மூட்டு வலிக்கு எம்.ஆர்.ஐ. எடுப்போர் கவனத்துக்கு

வெளிநாட்டில் நாற்காலியிலும் காரிலும் பழகிவிட்ட நம்மில் பலருக்கு, ஊருக்கு வந்து பந்தியில் சம்மணமிட்டு உட்காரும்போதுதான் இடுப்பு மூட்டில் வலி இருப்பதே தெரியவருகிறது. சென்னையிலோ மதுரையிலோ எம்.ஆர்.ஐ. ஸ்கேன் விரைவில் எடுத்துவிடலாம் என்பதால் நேரே ஸ்கேன் சென்டருக்குப் போய்விட வேண்டாம். முதலில் எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

நம் பேச்சில் அடிமுதுகும் இடுப்புதான், தொடை எலும்பு பொருந்தும் மூட்டும் இடுப்புதான். என் சித்தி "இடுப்பு வலி" என்று மட்டும் சொன்னதால், அவருக்கு முதுகுத்தண்டைப் படம் எடுத்து அனுப்பிவிட்டார்கள். கோளாறோ மூட்டில் இருந்தது. ஆகவே சொல்லோடு நிறுத்தாமல், வலிக்கும் இடத்தைக் கைவைத்துக் காட்டுங்கள். மூட்டுக்குள் வலி உள்ளவரின் கை பெரும்பாலும் தொடை இடுக்குக்குப் போகும். பின்புறத்தில் தொடங்கிக் கால்வழியே முழங்காலுக்குக் கீழும் இறங்கும் வலிக்கு முதுகுத்தண்டு நரம்பு காரணமாக இருக்கலாம்.

வழக்கமாக எக்ஸ்ரேதான் முதலில். மூட்டுத் தேய்மானம் அதிலேயே தெளிவாகத் தெரிந்தால் எம்.ஆர்.ஐ. பல நேரம் தேவைப்படாது. ஆனால், ரத்த ஓட்டம் தடைபட்டுத் தொடை எலும்பின் பந்து போன்ற தலைப்பகுதி சிதையும் நோயில், தொடக்கத்தில் எக்ஸ்ரே குறையின்றியே இருக்கும், எம்.ஆர்.ஐ. அதைக் காட்டிக்கொடுக்கும். நீண்டகாலம் ஸ்டீராய்டு உட்கொண்டவர்களும் அதிகமாக மது அருந்துபவர்களும் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. இந்நோய் பெரும்பாலும் இருபுறமும் வருவதால், இரண்டு மூட்டுகளையும் சேர்த்துப் படம் எடுக்க வேண்டுமா என்று கேளுங்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த முதியவருக்கு எக்ஸ்ரேயில் முறிவு தெரியாமல், காலை ஊன்றவும் முடியாமல் இருந்தால், நடக்கவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மயிரிழை முறிவை எம்.ஆர்.ஐ. கண்டுபிடித்துவிடும்.

பேஸ்மேக்கர், காதுக்குள் பொருத்திய கருவி, மூளை ரத்தக்குழாய்க் கிளிப், பழைய அறுவையில் வைத்த தகடு எதுவானாலும் அதன் விவரம் உள்ள அட்டையை வெளிநாட்டிலிருந்தே எடுத்து வாருங்கள். தாலிக்கொடியில் கோத்திருக்கும் ஊக்கை மறந்துவிடாதீர்கள். ஸ்கேன் ஓடாத நேரத்திலும் எம்.ஆர்.ஐ. கருவியில் உள்ள காந்தம் இரும்பை இழுக்கும். படம் தெளிவாகத் தெரிய ஊசியில் ஏற்றும் சாயமருந்து போடுவதாக இருந்தால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பயணத்தின் முதல் வாரத்திலேயே எடுத்தால், முடிவைக் காட்டி ஆலோசனை கேட்க அவகாசம் இருக்கும். வெளிநாட்டு மருத்துவருக்கு ரிப்போர்ட் மட்டும் போதாது என்பதால், டைகாம் என்னும் மருத்துவப் படக் கோப்பு வடிவில் முழுப் படங்களையும் சிடியிலோ பென்டிரைவிலோ வாங்கி, சென்டரை விட்டுக் கிளம்பும் முன் அங்குள்ள கணினியில் ஒருமுறை திறந்து, பெயரும் எந்தப் பக்கம் என்பதும் சரியா என்று பார்த்துவிடுங்கள்.