வார்டில் இசிஜி கோடு அறுந்தால் கருவியை மட்டும் திட்டாதீர்கள்: மருத்துவமனை அலைக்கற்றையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நோயாளியின் இசிஜி கோடு திடீரென்று அறுந்து திரையில் 'சிக்னல் இல்லை' என்று வந்தால் பெரும்பாலும் நடப்பது இதுதான்: நர்ஸ் ஓடிப்போய் எலக்ட்ரோடை அழுத்திவிடுவார், பேட்டரியை மாற்றிப் பார்ப்பார், கொஞ்ச நேரத்தில் கோடு தானாகவே திரும்பி வந்துவிடும், அத்தோடு எல்லாரும் மறந்துவிடுவார்கள். அடிக்கடி வந்தால் மருத்துவக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் பயோமெடிக்கல் பிரிவுக்குப் புகார் போகும். அவர்கள் கருவியைத் தங்கள் மேசைக்கு எடுத்துப்போய் சோதித்தால் அங்கே அது ஒழுங்காக ஓடும். 'கோளாறு எதுவும் இல்லை' என்று எழுதித் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

கருவியில் நிஜமாகவே கோளாறு இல்லாமல் இருக்கலாம். அது எந்த அலைவரிசையில் பேசுகிறதோ அங்கே நெரிசல் இருக்கலாம். ஆனால் அதைப் பார்க்க வேண்டியவர் யார் என்று கேட்டால் பல மருத்துவமனைகளில் பதில் கிடைக்காது. நோயாளியின் இசிஜியைக் கம்பியில்லாமல் ரேடியோவில் அனுப்பும் டெலிமெட்ரியை வாங்கியது பயோமெடிக்கல், வைஃபையைப் போட்டது ஐடி, வாக்கிடாக்கி வாங்கியது செக்யூரிட்டி, மொபைல் சிக்னலுக்கு ரிப்பீட்டர் வைத்தது கட்டடப் பராமரிப்பு. நாலு பேரும் ஒரே காற்றைத்தான் பயன்படுத்துகிறார்கள், ஒருவர் செய்வது இன்னொருவருக்குத் தெரியாது. கீழே சொல்லப்போகிற தவறுகளில் முக்கால்வாசி இந்த ஒரு ஓட்டை வழியாக வருபவைதான்.

'இந்தச் சேனல் காலியாத்தானே இருக்கு'

இன்று காலியாக இருக்கும் அலைவரிசை நாளைக்கும் காலியாக இருக்கும் என்று நம்புவது பழைய தவறு, விலை உயர்ந்த தவறும்கூட. அமெரிக்காவில் டெலிமெட்ரிக் கருவிகள் ரொம்ப நாள் காலியான டிவி சேனல்களில்தான் ஓடிக்கொண்டிருந்தன. சட்டப்படி அவற்றுக்கு அங்கே இரண்டாம் இடம்தான். டிவி நிலையம் வந்தால் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். 1998 பிப்ரவரியில் டல்லஸ் நகரில் ஒரு டிவி நிலையம் 9-ஆம் சேனலில் டிஜிட்டல் ஒளிபரப்பைச் சோதித்துப் பார்த்தது. அதே சேனலில் ஓடிக்கொண்டிருந்த பேய்லர் மருத்துவமனையின் டெலிமெட்ரி படுத்துவிட்டது. விஷயம் தெரிந்ததும் நிலையம் ஒளிபரப்பை நிறுத்திக்கொண்டது. இத்தனைக்கும் நிலையம் விதி எதையும் மீறவில்லை, அதற்கு ஒதுக்கப்பட்ட சேனலில்தான் ஒளிபரப்பியது.

இதற்குப் பிறகுதான் 2000-இல் அந்நாட்டில் அலைக்கற்றையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான எஃப்சிசி மருத்துவ டெலிமெட்ரிக்கென்று 608–614, 1395–1400, 1429–1432 (பின்னால் இது 1427–1432-க்குள் மாறியது) மெகாஹெர்ட்ஸ் ஆகிய மூன்று பட்டைகளை, அதாவது அலைவரிசைத் தொகுப்புகளை, ஒதுக்கியது. இதில் முதலாவது, டிவி சேனல் 37. விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைக் கேட்கும் வானியலாளர்களுக்காக அதை டிவிக்குக் கொடுக்காமல் வைத்திருந்தார்கள். மருத்துவமனைகள் அவர்களோடு பகிர்ந்துகொள்கின்றன. அதனால் சில வானொலித் தொலைநோக்கிகளிலிருந்து 80 கிலோமீட்டருக்குள் இருக்கும் மருத்துவமனை எழுத்துமூலமான அனுமதி வாங்காமல் இந்தப் பட்டையைத் தொட முடியாது.

ஒதுக்கிவிட்டார்கள், இனி கவலையில்லை

ஒதுக்கீடு கிடைத்ததும் நிம்மதியாகத் தூங்கிவிடுவது அடுத்த தவறு. அந்த மூன்று பட்டைகளில் கருவியைப் போடும் முன் இடம், அலைவரிசை, சக்தி எல்லாவற்றையும் அதற்கென்று உள்ள தரவுத்தளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பது அமெரிக்க விதி. முதல் தடவை பதிவு செய்வதில் பெரும்பாலும் பிரச்சினை வராது, விற்கிற கம்பெனியே செய்து கொடுத்துவிடும். ஐந்து வருடம் கழித்து புது பிளாக் கட்டி, அங்கே இன்னும் கொஞ்சம் கருவிகளைப் போட்டு, பழைய வார்டை வேறு மாடிக்கு மாற்றும்போதுதான் பதிவைத் திருத்த மறந்துபோகிறார்கள். பதிவில் இல்லாத இடத்தைப் பக்கத்தில் வருகிறவர் எப்படி மதிப்பார்? அவர் பார்வையில் அங்கே மருத்துவமனையே இல்லை.

அப்புறம், பட்டை உங்களுடையதாக இருந்தாலும் பக்கத்துப் பட்டை உங்களுடையது இல்லை. 2017-இல் முடிந்த ஏலத்துக்குப் பிறகு அமெரிக்காவில் 617 மெகாஹெர்ட்ஸிலிருந்து மொபைல் கோபுரங்கள் ஒலிபரப்புகின்றன. 614-க்கும் 617-க்கும் நடுவே இடைவெளி வெறும் 3 மெகாஹெர்ட்ஸ். கோபுரம் மருத்துவமனையின் மொட்டைமாடியிலேயே இருந்தால், அல்லது உள்ளே மொபைல் ஆன்டெனாக்கள் போட்டிருந்தால், டெலிமெட்ரி ரிசீவரின் முன்பகுதி திணறிவிடும். ஒழுங்கான ஃபில்டர் போட்டால் சரியாகிவிடுகிற விஷயம்தான். ஆனால் மொட்டைமாடியை வாடகைக்கு விடும் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுகிறவருக்குக் கீழே மூன்றாவது மாடியில் டெலிமெட்ரி ஓடுவது தெரிந்திருக்க வேண்டுமே.

இதோடு சேர்த்து ஒன்று: ஒரு நாட்டின் ஒதுக்கீடு இன்னொரு நாட்டில் செல்லாது. 608–614 பட்டைக்காகச் செய்த கருவியை விலை குறைவு என்று வாங்கி வேறு நாட்டில் ஓட்டினால், அங்கே அந்த இடத்தில் டிவி ஓடிக்கொண்டிருக்கலாம். இனாமாக வருகிற பழைய கருவிகளில் இந்தச் சிக்கல் நிறைய. வாங்குவதற்கு முன் ஸ்பெசிஃபிகேஷன் தாளில் அலைவரிசை வரியைப் படியுங்கள், அவ்வளவுதான்.

சேனல்களைச் சீரான இடைவெளியில் அடுக்குவது

இது உள்ளூர்க் குழப்பம், வெளியாள் யாரும் தேவையில்லை. குறுகிய சேனல்களில் ஓடும் டெலிமெட்ரியில் ஒவ்வொரு டிரான்ஸ்மிட்டருக்கும் ஒரு அலைவரிசை கொடுக்க வேண்டும். பார்க்க அழகாக இருக்கிறது என்று 610.0, 610.1, 610.2, 610.3 என்று வரிசையாகக் கொடுத்தால் மாட்டிக்கொண்டீர்கள். பலமான இரண்டு சிக்னல்கள் ஒரு ஆம்ப்ளிஃபையருக்குள் ஒன்றாக நுழையும்போது, அவை கலந்து இல்லாத புதுச் சிக்னல்களை உருவாக்கும். ஒன்றை இரண்டால் பெருக்கி மற்றதைக் கழித்தால் வருவது அந்த இடம். 610.0-உம் 610.1-உம் சேர்ந்தால் 609.9-இலும் 610.2-இலும் போலிச் சிக்னல் முளைக்கும். 610.2 ஏற்கெனவே மூன்றாவது நோயாளியுடையது. சீரான இடைவெளியில் அடுக்கினால் இந்தப் போலிகள் சொல்லிவைத்த மாதிரி உங்கள் சேனல்கள் மேலேயே விழும். அதனால்தான் அனுபவசாலிகள் தரும் சேனல் பட்டியல் கோணல்மாணலாக இருக்கும். 'இதென்ன நடுவில் எண் விட்டுப்போயிருக்கிறது' என்று யாராவது அதை நேர்படுத்தப் போனால் தடுத்துவிடுங்கள்.

ஜப்பான்காரர்கள் இதை நன்றாக யோசித்திருக்கிறார்கள். அங்கே மருத்துவ டெலிமெட்ரி 420–450 மெகாஹெர்ட்ஸ் பகுதியில், பெரும்பாலும் 1 மில்லிவாட் சக்தியில் ஓடுகிறது. மருத்துவமனையை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஒன்றோடொன்று இடிக்காத சேனல் தொகுப்பைக் கொடுத்து, அந்த மண்டலத்துக்கு ஒரு நிறமும் கொடுத்து, டிரான்ஸ்மிட்டரில் அதே நிற லேபிளை ஒட்டிவிடுகிறார்கள். பச்சை வார்டில் சிவப்பு லேபிள் கருவி தென்பட்டால் ரேடியோ தெரியாத ஆளுக்கும் ஏதோ இடம் மாறியிருக்கிறது என்று புரிந்துவிடும்.

இடம் மாறினால் என்ன ஆகும்? நோயாளியை வார்டு மாற்றும்போது டிரான்ஸ்மிட்டரும் கழுத்தில் தொங்கிக்கொண்டே கூடப் போய்விடும். பழுதுக்குப் போன கருவிக்குப் பதிலாக வந்த இரவல் கருவி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றின் அதே அலைவரிசையில் இருக்கலாம். கருவியின் அடையாள எண்ணைச் சரிபார்க்காத பழைய ரிசீவராக இருந்தால் ஒருவருடைய இதயத்துடிப்பு இன்னொருவருடைய பெயரில் திரையில் ஓடும். சிக்னல் அறுந்தால் அலாரமாவது அடிக்கும். இதில் எல்லாம் நலமாக இருப்பது போலவே தெரியும், அதுதான் பயம்.

வைஃபையில் ஸ்பீடு டெஸ்ட் எடுத்துவிட்டு 'சூப்பர்' என்பது

இப்போது நிறைய மானிட்டர்கள் வைஃபையில்தான் ஓடுகின்றன. ஐடி பிரிவு வந்து வேகம் பார்க்கும், நூற்றுக்கணக்கான மெகாபிட் காட்டும், எல்லாம் சரி என்று போய்விடும். ஒரு நோயாளியின் இசிஜிக்குத் தேவைப்படும் தரவு இதோடு ஒப்பிட்டால் துளி. அதற்கு வேண்டியது இடைவெளி விழாமல் வந்துகொண்டே இருப்பது. சினிமா பார்க்கிறவருக்கு மூன்று விநாடி தடங்கல் தெரியவே தெரியாது, முன்கூட்டியே சேர்த்துவைத்த பஃபர் பார்த்துக்கொள்ளும். நேரலையாக ஓடும் இதயத்துடிப்பில் மூன்று விநாடி என்பது ஓட்டை.

அந்த ஓட்டை எங்கிருந்தெல்லாம் வரும் என்று பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். அங்கே வேகம் கூடட்டும் என்று 40 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைப் போட்டால் பட்டையின் பெரும்பகுதியை ஒரே ஆக்சஸ் பாயின்ட் (வைஃபை சிக்னல் தரும் பெட்டி) விழுங்கிவிடும். அதே பட்டையில்தான் புளூடூத் சென்சார்கள் விநாடிக்கு 1600 தடவை வரை தாவித் தாவி இடம் தேடுகின்றன. நர்ஸ்கள் சாப்பாட்டைச் சூடாக்கும் மைக்ரோவேவும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான்.

சரி, 5 கிகாஹெர்ட்ஸுக்குப் போய்விடலாம் என்றால் அங்கே ரேடார். அந்தப் பட்டையின் பல சேனல்களில் ரேடார் சிக்னல் கேட்டால் ஆக்சஸ் பாயின்ட் 10 விநாடிக்குள் சேனலைக் காலி செய்ய வேண்டும், அதே வகை இன்னொரு சேனலுக்குப் போனால் குறைந்தது ஒரு நிமிடம் கேட்டுவிட்டுத்தான் பேசலாம் என்பது விதி. மானிட்டர்களை அங்கே வைத்தால் எங்கேயோ இருக்கிற வானிலை ரேடார் உங்கள் ஐசியூவைப் பாதிக்கும். விதியைக் குறை சொல்ல முடியாது, ரேடாரும் முக்கியம்தான். மானிட்டர்களுக்கு ரேடார் பகிராத சேனல்களை ஒதுக்கிவிட்டு, மற்றவற்றைப் பார்வையாளர்களின் ஃபோன்களுக்குக் கொடுங்கள்.

ஆளுக்கொரு நெட்வொர்க் பெயர் வைப்பதும் வீண்செலவு. டாக்டருக்கு ஒன்று, மருந்து செலுத்தும் பம்ப்புக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று என்று ஒரு ஆக்சஸ் பாயின்ட்டில் பத்துப் பெயர் இருந்தால், ஒவ்வொரு பெயரும் விநாடிக்குச் சுமார் பத்துத் தடவை 'நான் இருக்கிறேன்' என்று மிக மெதுவான வேகத்தில் கத்தும். அதே சேனலில் கேட்கும் ஆக்சஸ் பாயின்ட் மூன்று என்றால் முந்நூறு கத்தல்.

சிக்னல் பலமாக இருக்கட்டும் என்று ஆக்சஸ் பாயின்ட்டின் சக்தியை முழுசாக ஏற்றுவதும் உதவாது. மானிட்டருக்கு அது நன்றாகக் கேட்கும், மானிட்டரின் சின்னக் குரல் திரும்பிப் போகாது. போதாக்குறைக்கு நோயாளி டிரான்ஸ்மிட்டர் மேலேயே திரும்பிப் படுத்துக்கொள்வார். மனித உடம்பு பெரும்பகுதி தண்ணீர், இந்த அலைகளை நன்றாகவே உறிஞ்சும். கட்டில்கள் காலியாக இருக்கும்போது எடுத்த சர்வே ஏன் பொய்யாகிறது என்றால் இதனால்தான்.

ரேடியோவே இல்லாத சாதனங்களை விட்டுவிடுவது

எல்இடி விளக்குகளின் பவர் சப்ளை ரேடியோ சாதனம் இல்லை, ஆனாலும் அது கக்கும் இரைச்சல் 400 மெகாஹெர்ட்ஸ் டெலிமெட்ரியை மூழ்கடித்த அனுபவம் ஜப்பானிய மருத்துவமனைகளுக்கு உண்டு. மின்சாரம் மிச்சம் என்று ஒரே இரவில் மாடி முழுக்க விளக்கை மாற்றிவிட்டு, மறுநாள் டெலிமெட்ரி கம்பெனிக்கு ஃபோன் போடுவார்கள். கூரையில் ஆன்டெனாவுக்கு ஒட்டினாற்போல் விளக்கு வைத்திருந்தால் முதலில் அதை அணைத்துப் பாருங்கள்.

பொருட்களில் ஒட்டிய சில்லை ரேடியோ அலையால் படிக்கும் ஆர்எஃப்ஐடி ரீடர் போன்றவை இதற்கு நேர்மாறு. அவை வேண்டுமென்றே ஒலிபரப்புபவை. நெதர்லாந்தில் நடந்து 2008-இல் வெளியான ஆய்வில், நோயாளி இல்லாத அறையில் 41 மருத்துவக் கருவிகளை வைத்து 123 சோதனை செய்தார்கள். 34-இல் குறுக்கீடு தெரிந்தது, அதில் 22 ஆபத்தானவை என்று வகைப்படுத்தப்பட்டன. தூரத்தைக் கூட்டினால் பாதிப்பு குறையும். எனவே ரீடரை எங்கே மாட்டுவது என்பதைச் சுவரில் இடம் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

பத்து நிமிடம் அளந்துவிட்டுச் சான்றிதழ் கொடுப்பது

எந்த அலைவரிசையில் எவ்வளவு சிக்னல் என்று காட்டும் ஸ்பெக்ட்ரம் அனலைசரைக் கொண்டுவந்து பத்து நிமிடம் பார்த்துவிட்டு 'சுத்தமாக இருக்கிறது' என்று எழுதுவது சர்வசாதாரணம். விட்டுவிட்டு வரும் சிக்னல், அனலைசர் வேறு அலைவரிசையைத் துழாவும்போது வந்து போய்விடும். குறைந்தது ஒரு வாரம், உச்ச அளவைப் பிடித்து வைக்கும் முறையில் ஓடவிட வேண்டும். அதில் பார்வையாளர் நேரமும் வரட்டும், ஆடிட்டோரியத்தில் வயர்லெஸ் மைக் ஓடும் நாளும் வரட்டும்.

இதைவிட மலிவான அளவுகருவி ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. எல்லா நோயாளிகளின் கோடுகளையும் ஒரே இடத்தில் காட்டும் சென்ட்ரல் ஸ்டேஷன் மானிட்டரில் பதிவாகும் 'சிக்னல் இல்லை' அலாரங்களை நேரம், கட்டில் எண்ணோடு எடுத்து ஒரு தாளில் போட்டுப் பாருங்கள். ஒரே கட்டிலில் எப்போதும் என்றால் ஆன்டெனா. ஒரே டிரான்ஸ்மிட்டர் எங்கே போனாலும் என்றால் கருவி. மாடி முழுக்க ஒரே நேரத்தில் என்றால் குறுக்கீட்டைச் சந்தேகப்படலாம். வைஃபை மானிட்டர்களின் பேட்டரி ஒரு வார்டில் மட்டும் சீக்கிரம் தீர்ந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், அனுப்பியதையே திரும்பத் திரும்ப அனுப்புகிற கருவி பேட்டரியைத் தின்னும்.

மருத்துவமனை அலைக்கற்றைக்குப் பொறுப்பாளி என்று ஒருவரைப் போட்டால் அவருக்குக் கொடுக்க வேண்டிய அதிகாரம் இது: ஒலிபரப்பும் எந்தச் சாதனமும், இரைச்சல் கக்கும் விளக்கும்கூட, அவர் பார்க்காமல் கொள்முதல் ஆகக் கூடாது. அவரிடம் இருக்க வேண்டியது எந்தச் சாதனம், எந்த அலைவரிசை, எந்த இடம், எப்போது மாறியது என்ற ஒரு பட்டியல். கட்டட வேலைக்கு வருகிற ஒப்பந்தக்காரரின் வாக்கிடாக்கியும் அதில் ஏற வேண்டும். கூடவே, மாடி முழுக்கச் சிக்னல் போனால் கேபிள் மானிட்டர்கள் எத்தனை, எங்கே இருக்கின்றன, எந்தக் கட்டிலுக்கு முதலில் என்பதை ஒரு பக்கத்தில் எழுதி நர்ஸ் ஸ்டேஷனில் ஒட்டிவையுங்கள். ராத்திரி ஷிஃப்டில் இருப்பவருக்கு அலைக்கற்றை தெரியாது, தெரிய வேண்டியதும் இல்லை.