சிவப்பா, வெள்ளையா? உங்கள் நாக்குக்கு ஏற்ற ஒயினைக் கண்டுபிடிக்கும் வழி

"எனக்கு வெள்ளை ஒயின் ஒத்துவராது" என்று பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆரம்பத்தில் என் கைக்குக் கிடைத்ததெல்லாம் ஓக் மரப் பீப்பாயில் ஊறிய, வெண்ணெயும் வெனிலாவும் மணக்கும் ஷார்டனே. பிறகு ஒருநாள் பீப்பாய் வாசமே இல்லாத ஷாப்லி என்ற பிரெஞ்சு வெள்ளை ஒயின் ஒன்றைக் குடித்தேன். எலுமிச்சை மணம், வாயெல்லாம் நீர் ஊறியது. அதுவும் அதே ஷார்டனே திராட்சைதான்! நான் இத்தனை நாள் வெறுத்தது ஓக் வாசத்தை. பழியைச் சுமந்தது வெள்ளை நிறம்.

அதனால் புதிதாகத் தொடங்குகிறவர்கள் நிறத்தை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

படி 1: வாயில் நடப்பதைப் பிரித்துப் பாருங்கள்

பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளின் சாறுகூட நிறமற்றதுதான். தோலோடு சேர்த்து நொதிக்கவிட்டால் சிவப்பு ஒயின்; பிழிந்து தோலை நீக்கிவிட்டு நொதிக்கவைத்தால் வெள்ளை. தோலும் விதையும் நிறத்தோடு டானினையும் தருகின்றன. டானின் எச்சிலில் உள்ள புரதத்தைப் பற்றிக்கொள்வதால் ஈறும் நாக்கும் வறண்டு இழுக்கும். பால் சேர்க்காத கடுந்தேநீரில் வருகிற அதே இழுப்பு. நமக்கு அதற்குத் துவர்ப்பு என்று தனிப் பெயரே இருக்கிறது, அறுசுவையில் ஒன்று. ஒயின் பழக நமக்குக் கிடைத்த பெரிய வசதி இது.

புளிப்பு இதற்கு நேர் எதிர், எச்சிலை ஊறவைக்கும். விழுங்கியபின் வாய் வறள்கிறதா, ஊறுகிறதா? இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை முடித்துவிடும்.

இனிப்பில்தான் பலரும் ஏமாறுகிறோம். 'ட்ரை' என்று சொன்னால் சர்க்கரை ஏறக்குறைய மிச்சமில்லை என்று பொருள், துவர்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பழ வாசனையையும் இனிப்பு என்று நினைத்துவிடுவோம். சந்தேகம் வந்தால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு வாய் குடியுங்கள். அப்போதும் இனித்தால்தான் அது சர்க்கரை.

படி 2: ஒன்றாக அல்ல, ஜோடியாகக் குடியுங்கள்

தனியாகக் குடித்தால் "நல்லா இருக்கு" என்பதற்குமேல் எதுவும் சொல்ல வராது. பக்கத்தில் இன்னொரு கிளாஸ் இருந்தால் வாய் தானாகப் பேசும். நான் சிபாரிசு செய்யும் ஜோடிகள்:

முதலில் பினோ நுவார், கேபர்னே சோவினியோன் என்ற இரண்டு சிவப்பு ஒயின் திராட்சைகள். பினோவின் தோல் மெல்லியது, துவர்ப்பு குறைவு. கேபர்னே தடித்த தோல்காரன். சிவப்பில் உங்களுக்கு எவ்வளவு துவர்ப்பு வேண்டும் என்பது இங்கேயே தெரிந்துவிடும்.

அடுத்து ஷாப்லியும், ஓக்கில் வளர்ந்த ஒரு கலிஃபோர்னியா ஷார்டனேயும். ஒரே திராட்சை, இரண்டு வளர்ப்பு.

மூன்றாவது ஜெர்மனியின் மோசெல் பகுதி ரீஸ்லிங்: ஒன்று இனிப்பு மிச்சமுள்ள 'கபினெட்', இன்னொன்று 'ட்ரோக்கன்' என்று லேபிளில் எழுதிய இனிப்பில்லாதது.

கிளாஸுக்கு 50 மி.லி. போதும். 750 மி.லி. பாட்டிலில் 15 பேர் ருசி பார்க்கலாம், எனவே நண்பர்களோடு செய்யுங்கள். துப்பிவிடுவதும் தவறில்லை, தொழில்முறைச் சுவைஞர்கள் துப்பத்தான் செய்கிறார்கள். மிச்சத்தை, சிவப்பானாலும் சரி, மூடி ஃப்ரிட்ஜில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும்.

படி 3: குளிர்ச்சியைச் சரிசெய்யுங்கள்

வெள்ளைக்கு 8 முதல் 12 டிகிரி செல்சியஸ், கனமான சிவப்புக்கு 16 முதல் 18. வெள்ளை உறைகுளிரில் இருந்தால் மணமே வராது. சிவப்பு சூடாக இருந்தால் ஆல்கஹால்தான் மூக்கில் ஏறும். வெள்ளையை ஊற்றுவதற்குச் சற்று முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். சிவப்பை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

கிளாஸில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஊற்ற வேண்டாம், சுழற்ற இடம் வேண்டும். நனைந்த அட்டைப்பெட்டி போல வாடை அடித்தால் கார்க் கெட்ட பாட்டில். அதை வைத்து அந்த ஒயினை எடைபோடாதீர்கள்.

படி 4: லேபிளை மறைத்துவிடுங்கள்

பாட்டிலைத் துணியால் சுற்றி வேறொருவரை ஊற்றச் சொல்லுங்கள். 2001இல் வெளியான, பிரான்ஸின் போர்தோ நகர ஆய்வு ஒன்றில், வெள்ளை ஒயினில் மணமற்ற சிவப்புச் சாயம் கலந்து 54 பேரிடம் கொடுத்தார்கள். சிவப்பு ஒயினுக்குரிய சொற்களாலேயே அவர்கள் அதை வருணித்தார்கள். 1976இல் பாரிஸில் ஸ்டீவன் ஸ்பர்ரியர் என்ற ஆங்கிலேய ஒயின் வியாபாரி பிரெஞ்சு, கலிஃபோர்னியா ஒயின்களை மோதவிட்டு நடத்திய சோதனையிலும் லேபிள் மறைக்கப்பட்டிருந்தது. பிரெஞ்சு நடுவர்களே சிவப்பு, வெள்ளை இரண்டிலும் கலிஃபோர்னியாவை முதலிடத்தில் வைத்தார்கள். கண்ணும் பெயரும் நாக்கை எவ்வளவு தூரம் இழுத்துப் போகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

படி 5: எழுதுங்கள், அங்கிருந்து அடுத்ததைத் தேடுங்கள்

புத்தகச் சொற்கள் தேவையில்லை. "புளிப்பு பிடித்தது, கசப்பு மிஞ்சியது" என்றால் போதும்.

துவர்ப்பு தொந்தரவாக இருந்ததா? பிரான்ஸின் போஜொலே பகுதியில் விளையும் கமே திராட்சை உங்களுக்கு. பிடித்திருந்ததா? இத்தாலியின் பரோலோவுக்குப் போங்கள். நிறம் வெளிறியிருக்கும், துவர்ப்போ ஆளைப் பிடித்து இழுக்கும். வெண்ணெய் மணம் விருப்பமானால் பிரான்ஸின் மெர்சோ, அதுவும் ஷார்டனேதான். மிளகு பிடித்தவர்கள் பிரான்ஸின் வட ரோன் பகுதியில் விளையும் சிரா திராட்சையின் சிவப்பு ஒயினை விடவே கூடாது: மிளகின் காரமணத்தைத் தருகிற ரோட்டண்டோன் என்ற அதே பொருள்தான் அந்தத் திராட்சையிலும் இருக்கிறது.

என் நோட்டில் அதிகம் நட்சத்திரம் வாங்கியவை ட்ரோக்கன் ரீஸ்லிங்கும் பரோலோவும். ஒன்று வெள்ளை, ஒன்று சிவப்பு. இரண்டிலும் எனக்குப் பிடித்தது ஒன்றே, கூர்மையான புளிப்பு.