மின்திட்ட வாக்குறுதியைக் கோப்பு வழியாகப் பின்தொடர்வது எப்படி: சம்பூரை முன்வைத்து

திருகோணமலை மாவட்டத்துச் சம்பூரில் எத்தனை மெகாவாட் சூரிய மின்சாரம் எப்போது வரும் என்று திருகோணமலையில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் கிடைக்கும். அந்தப் பதிலுக்கு ஆதாரமான கடிதம் எவர் கையிலும் இராது. காலநிலை பற்றி அரசியல்வாதிகள் தரும் வாக்குறுதி நகர்கிறதா, நிற்கிறதா என்பதை அறிய விரும்பும் குடிமகன், மேடையை விட்டுக் கோப்பின் பக்கம் திரும்ப வேண்டும்.

முதலில் ஒரு தாளை எடுத்து, யார், எந்தத் திகதியில், எந்தச் சொற்களில் வாக்களித்தார் என்று வரிசையாக எழுதுங்கள். சம்பூருக்கு நான் எழுதி வைத்திருக்கும் தாள் இப்படித் தொடங்குகிறது: 2006 இல் போரால் மக்கள் இடம்பெயர்ந்தார்கள், அந்தப் பகுதியில் 500 மெகாவாட் நிலக்கரி மின்நிலையம் அமைக்க இந்திய நிறுவனத்துடன் 2013 இல் உடன்படிக்கைகள் கைச்சாத்தாயின, 2016 செப்டெம்பரில் அத்திட்டம் கைவிடப்படுவதாக அரசாங்கம் உயர் நீதிமன்றத்துக்கு அறிவித்தது. 2030 இல் மின்சாரத்தில் 70 சதவீதம் புதுப்பிக்கத்தக்க மூலங்களிலிருந்து வரும் என்றும், புதிய நிலக்கரி நிலையம் கட்டப்படாது என்றும் இலங்கை ஐக்கிய நாடுகள் சபைக்கு 2021 இல் எழுத்தில் தெரிவித்தது. 2025 ஏப்ரல் 5 அன்று ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்கவும் இந்தியப் பிரதமர் மோடியும் சம்பூரின் 120 மெகாவாட் சூரிய மின்திட்டத்தைத் தொடக்கி வைத்தார்கள். நிகழ்வு நடந்தது கொழும்பில், சம்பூரில் அல்ல.

மெகாவாட் எண்ணைக் கண்டு மயங்கிவிடக் கூடாது. வெயில் உள்ள நேரத்தில் மட்டுமே சூரியத் தகடுகள் வேலை செய்வதால், முழுத் திறனில் நாள் முழுவதும் ஓடினால் கிடைக்கக்கூடியதில் ஏறத்தாழ ஐந்திலோ ஆறிலோ ஒரு பங்கையே அவை ஆண்டு முழுவதற்குமாகத் தரும். ஆகவே மெகாவாட்டை மட்டும் கேட்காமல், ஆண்டுக்கு எத்தனை அலகு என்றும் கேளுங்கள்.

அடுத்தது, அரச அலுவலகத்திடம் ஆவணம் கேட்டு எழுதும் தகவல் கோரிக்கை. இதில்தான் பலர் தவறு செய்கிறார்கள். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கோரிக்கைக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் “திட்டம் ஏன் தாமதம்?” என்று கேட்டால், “பரிசீலனையில் உள்ளது” என்ற ஒற்றை வரியோடு பதில் முடிந்துவிடும். “2025 ஏப்ரல் முதல் இன்றுவரை சம்பூர் சூரிய மின்திட்டத்துக்கான காணி அளவீடு தொடர்பாக உங்கள் அலுவலகத்துக்கு வந்த கடிதங்களின் பிரதிகளும், அவற்றுக்கு அனுப்பிய பதில்களும்” என்று ஆவணத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். காணி பற்றிப் பிரதேச செயலகத்திடமும், கொள்வனவு விலை, கால அட்டவணை பற்றி வலுசக்தி அமைச்சிடமும் தனித்தனியாகக் கேட்பது நல்லது.

கோரிக்கை கிடைத்தது என்ற எழுத்து மூல ஒப்புகையை வாங்காமல் வெளியேறாதீர்கள். நான் ஒருமுறை ஓர் அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். அடுத்த மாதம் போனபோது அப்படி ஒரு கடிதமே வரவில்லை என்றார்கள். மறுபடி பதிவுத் தபாலில் அனுப்பினேன். பதில் வந்தது, சிங்களத்தில் மட்டும். வடக்கிலும் கிழக்கிலும் தமிழே நிர்வாக மொழி என்று அரசியலமைப்பு சொல்வதைச் சுட்டி எழுதிய பிறகே தமிழ்ப் பிரதி வந்தது. அந்த உரிமையை நீங்கள் முதல் கடிதத்திலேயே எழுதிவிடலாம்.

திட்டம் சூழலை எப்படிப் பாதிக்கும் என்று ஆராயும் சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. அறிவித்தல் வர்த்தமானியிலும் தமிழ் நாளிதழிலும் வரும். மின் கட்டணத் திருத்தம் பற்றி, மின்துறையை ஒழுங்குபடுத்தும் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவும் மக்கள் கருத்தைக் கேட்கிறது; அங்கே உணர்ச்சியைவிடக் கணக்குக்கே மதிப்பு.

தகவல் கோரிக்கைக்கு அந்த நிறுவனத்தின் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ, கால எல்லையைக் கடந்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் மேன்முறையீட்டு அலுவலருக்கு எழுதலாம். அங்கும் கிடைக்காவிட்டால் இரண்டு மாதங்களுக்குள் தகவலறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். நாட்கள் தவறிப்போகாமலிருக்க, தபால் பற்றுச்சீட்டைக் கோரிக்கையின் பிரதியோடு சேர்த்துத் தைத்து, அடுத்த கெடுத் திகதியை அதன் மேலேயே எழுதி வையுங்கள்.